வியட்நாமில் 38 இரவுகள்: ரயிலா, பஸ்ஸா, பைக்கா?

2025 மார்ச் தொடக்கத்தில் நானும் கல்லூரிக்காலத் தோழன் ஒருவனும் ஆளுக்கொரு முதுகுப்பையோடு வியட்நாம் போனோம். தெற்கே ஹோ சி மின் நகரத்தில் இறங்கினோம், வடக்கே ஹனோயில் விமானம் ஏறினோம். நடுவில் 38 இரவுகள். ஹோ சி மின் நகரத்தை அங்கே பலர் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள், ரயில் நிலையத்தின் பெயரும் அதுவே. நானும் அப்படியே எழுதுகிறேன். பார்த்த இடங்களைப் பற்றி இங்கே அதிகம் வராது. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு எதில் போவது என்று நாங்கள் எடுத்த முடிவுகளும், அவற்றில் எது சொதப்பியது, ஏன் சொதப்பியது என்பதும்தான் விஷயம்.

ஒரே ஊரில் இறங்கி அதே ஊரில் ஏறாமல், ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேறியது நாங்கள் செய்த முதல் நல்ல காரியம். நாடு நீளமானது. போன வழியிலேயே திரும்பி வருவதென்றால் நாலைந்து நாள் வீண். தெற்கிலிருந்து தொடங்கியதற்கு வானிலை காரணம். மார்ச்சில் தெற்கும் நடுப்பகுதியும் வெயிலும் வறட்சியுமாக இருக்கும், வடக்கில் மட்டும் பனித்தூறல் விடாது. மெதுவாக மேலே ஏறிப் போனால் ஏப்ரலில் அங்கே வானம் கொஞ்சம் தெளியும் என்று கணக்குப் போட்டோம். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை என்றால் இந்தக் கணக்கே வேறு. அப்போது நடுப்பகுதியில் புயலும் வெள்ளமும், ரயில் பாதையே சில நாள் மூடிக் கிடக்கும். விசா பற்றிக் கவலை இல்லை. 2023 ஆகஸ்ட் 15 முதல் எல்லா நாட்டவருக்கும் 90 நாள் மின்விசா தருகிறார்கள்.

நாட்டின் வடிவம்

வரைபடத்தில் வியட்நாம் ஆங்கில எஸ் எழுத்துப் போல வளைந்து கிடக்கிறது. நடுவில், டாங் ஹோய் பக்கம், கடலிலிருந்து லாவோஸ் எல்லை வரை சுமார் 50 கிலோமீட்டர்தான். அதனால் பெரும்பாலான ஊர்கள் ஒரே நூலில் கோத்த மணிகள் மாதிரி. அந்த நூல்தான் ஹனோய்–சைகோன் ரயில் பாதை. 1,726 கிலோமீட்டர், மீட்டர் கேஜ், பெரும்பகுதி ஒற்றைத் தடம். பிரெஞ்சுக்காரர்கள் 1936-இல் கட்டி முடித்தார்கள். 1954-இல் நாடு பிரிந்தபோது பாதையும் அறுந்தது, போர் முடிந்தபின் 1976 டிசம்பர் 31 அன்று மறுபடி முழுதாக ஓடத் தொடங்கியது. இன்றைக்கும் முனைக்கு முனை போக முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சராசரி வேகம் மணிக்கு 50 கிலோமீட்டரைச் சுற்றித்தான். எதிரே வரும் வண்டிக்காகச் சின்ன நிலையங்களில் நின்று நின்று போகும். மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் 1,541 கிலோமீட்டருக்குப் புதுப் பாதை போட 2024 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் ஒப்புதல் தந்திருக்கிறது. அது வந்தால் இந்த ஆய்வைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

நூல் போகாத இடங்களும் உண்டு, பேக்பேக்கர்கள் தேடிப் போவது பெரும்பாலும் அவற்றைத்தான். மேக்கோங் கழிமுகத்தில் ரயில் இல்லை. டா லாட் மலைக்கு ஒரு காலத்தில் பல்சக்கர ரயில் ஏறியது, போர்க்காலத்தில் நின்றுபோய் இப்போது 7 கிலோமீட்டர் துண்டு மட்டும் சுற்றுலாவுக்காக ஓடுகிறது. ஹோய் ஆனுக்கு நிலையம் இல்லை. வடக்கே சீன எல்லையை ஒட்டிய ஹா ஜியாங் மலைகளுக்கும் இல்லை.

பைக் ஆசை

இருவருமே பத்துப் பதினைந்து வருடமாகத் தினமும் பைக் ஓட்டுகிறவர்கள். அங்கே நீண்ட பயணம் என்றாலே பழைய பைக் ஒன்றை வாங்கி, நாட்டை நெடுகக் கடந்து, மறுமுனையில் இன்னொரு பயணியிடம் விற்றுவிட்டுப் போவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. சில நூறு டாலரில் முடியும். தோழன் வீட்டிலிருந்தே அந்த முடிவோடு வந்திருந்தான். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்திருந்தான்.

அந்தக் காகிதம்தான் வம்பு. வியட்நாம் ஏற்பது 1968-ஆம் ஆண்டு வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்பாட்டின்படி தரப்படும் அனுமதியை. இந்தியாவில் நமக்குத் தருவது 1949 ஜெனிவா உடன்பாட்டின்படியானது. அட்டை ஒன்றுபோலத்தான் இருக்கும், அங்கே செல்லாது. 50 சிசிக்கு உட்பட்ட வண்டிக்கு உரிமம் வேண்டாம், ஆனால் அதில் இரண்டு பைகளோடு மலை ஏறுவதைக் கற்பனை செய்து பார்த்தோம், சிரித்துவிட்டு விட்டுவிட்டோம். வாடகைக்கு விடுகிறவர் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை, பாஸ்போர்ட்டும் பணமும் போதும். போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போகலாம். விபத்து நடந்தால்தான் கதை வேறு. செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டியவருக்குப் பயணக் காப்பீடு பொதுவாகப் பணம் தராது. எங்கள் காப்பீட்டுத் தாளிலும் அந்த வரி பொடி எழுத்தில் இருந்தது.

"எல்லாரும் ஓட்டுறாங்கடா" என்றான். ஓட்டுகிறார்கள்தான். ஹாஸ்டல்களில் முழங்காலிலும் முழங்கையிலும் கட்டோடு உட்கார்ந்திருந்தவர்களையும் பார்த்தோம். உரிமச் சிக்கலை விட்டாலும் இன்னொன்று உண்டு. விரைவுச்சாலைகளில் பைக்குக்கு அனுமதி இல்லை. கரையோரமாகப் போகும் முதலாம் எண் நெடுஞ்சாலையிலோ லாரிகளும் பஸ்களும் உரசிக்கொண்டு போகும். நல்ல சாலை மேற்கே, மலையோரமாகப் போகும் ஹோ சி மின் சாலை. அதில் கே சானுக்கும் ஃபோங் ஞாவுக்கும் நடுவே 200 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோல் கிடைப்பதே அரிது. ஆக 1,700 கிலோமீட்டரில் பைக் உண்மையாகவே இன்பம் தரும் துண்டுகள் சிலதான். அந்தத் துண்டுகளுக்கு மட்டும் பைக் வைத்துக்கொள்ளலாம் என்பது என் வாதம். அரைமனதாக ஒப்புக்கொண்டான்.

முதல் திட்டம்

மிஞ்சியது ரயிலும் பஸ்ஸும். சைகோனில் ஒரு மாலை உட்கார்ந்து 12 நீண்ட பயணங்களாகப் பிரித்தோம். அவற்றில் ஐந்தை இரவுப் பயணமாக வைத்தோம். "ஒரு ராத்திரி ரூம் காசு மிச்சம், ஒரு பகலும் மிச்சம்" என்பது காரணம். நீண்ட நாள் சுற்றுகிற எல்லாரும் சொல்கிற கணக்கு இது, நானும் அதை ஒரு நொடி கூடச் சந்தேகப்படவில்லை. எங்கள் திட்டத்தின் பெரிய தவறு இங்கேதான் இருந்தது.

ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் மூன்று விஷயம் குறித்துக்கொண்டு வந்தேன். டிக்கெட் விலை, ஓர் அறையின் கதவிலிருந்து அடுத்த அறையின் கதவு வரை ஆன நேரம், மறுநாள் என்ன செய்தோம். மூன்றாவதை ஏதோ நாட்குறிப்பு மாதிரிதான் எழுத ஆரம்பித்தேன்.

இரண்டு இரவுகள்

மேக்கோங் கழிமுகத்தில் இருக்கும் கன் தோ போய் வந்தது பகல் பஸ், நாலு மணி நேரம், அதில் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்து சைகோனிலிருந்து டா லாட், சுமார் 300 கிலோமீட்டர், இரவு ஸ்லீப்பர் பஸ். 2020-இல் திறந்த புதிய மியென் டாங் பஸ் நிலையம் நகரின் மையத்திலிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. 2024 டிசம்பரில் தொடங்கிய முதல் மெட்ரோ ரயில் அந்தப் பக்கம்வரை போவதால் நாங்கள் பிழைத்தோம், அதற்கு முன்னால் வந்தவர்கள் டாக்சிக்கே அழுதிருப்பார்கள்.

ஸ்லீப்பர் பஸ்ஸை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஏறும்போதே செருப்பைக் கழற்றிப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நீளவாக்கில் மூன்று வரிசை, மேலும் கீழுமாகப் படுக்கைகள். முன்னால் இருப்பவரின் தலைமாட்டுக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் நம் கால் போக வேண்டும். ஐந்தரை அடி ஆளான எனக்குச் சரியாக இருந்தது. ஆறடித் தோழன் இரவு முழுக்க மடக்குக் கத்தி மாதிரி கிடந்தான். பத்து மணிக்குக் கிளம்பிய வண்டி காலை ஆறரைக்குப் போய்ச் சேரும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். இரவில் சாலை காலி. நாலரைக்கே விளக்கைப் போட்டு எழுப்பிவிட்டார்கள். டா லாட் சுமார் 1,500 மீட்டர் உயரம், நல்ல குளிர். விடுதிக் கதவு ஏழு மணிக்குத் திறந்தது, அறை மதியம்தான் கிடைத்தது. அன்று முழுக்க ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து மாறி மாறித் தூங்கினோம். நோட்டில் மறுநாள் பத்தியில் "ஒன்றும் இல்லை" என்று இருக்கிறது.

டா லாட்டிலிருந்து நா ட்ராங்குக்குப் பகல் பஸ்ஸில் மலை இறங்கினோம். அது அருமையான சாலை, மழைக்காலத்தில் மண்சரிவுக்குப் பேர் போனது. அங்கிருந்து தியூ திரி வரை 219 கிலோமீட்டர் பகல் ரயில். தியூ திரி என்பது குய் நோன் நகரத்துக்கான நிலையம். நிலையம் ஓரிடம், ஊர் வேறிடம், நடுவே பத்துக் கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் போனால் இந்த ஒட்டுத் தூரத்தையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். டா நாங் நிலையத்திலிருந்து ஹோய் ஆனுக்கு சுமார் 30 கிலோமீட்டர், டாங் ஹோயிலிருந்து ஃபோங் ஞா குகைகளுக்கு 45.

அப்படியும் பாடம் ஏறவில்லை. குய் நோனிலிருந்து ஹோய் ஆனுக்கு மறுபடி இரவு பஸ். இதுவும் சுமார் 300 கிலோமீட்டர்தான். ஏறியது ஒன்பதரைக்கு. இறக்கிவிட்டது அதிகாலை மூன்று பத்துக்கு, ஹோய் ஆனில்கூட இல்லை, அதற்கு வெளியே நெடுஞ்சாலைச் சந்திப்பில். அந்த வண்டி டா நாங் போகிற வண்டி, ஊருக்குள் திரும்பாது என்பது டிக்கெட் விற்றவர் சொல்லாத சங்கதி. நாங்களும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அங்கே நின்றிருந்த இரண்டு பைக் டாக்சிக்காரர்கள் சொன்னதுதான் விலை. விடுதியில் தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தவர் முந்தைய இரவுக்கும் சேர்த்து வாடகை வாங்கிக்கொண்டு அறையைத் தந்தார். அவர் செய்தது நியாயம். மிச்சம் பிடித்த ரூம் காசு அங்கேயே போயிற்று. அடுத்த ஒன்றரை நாள் தோழனுக்குத் தலைவலியும் இருமலும்.

நோட்டைத் திறந்து பார்த்தோம்

ஹோய் ஆனில் இரண்டாம் நாள் சாயங்காலம்தான் நோட்டை உட்கார்ந்து படித்தோம். இரண்டு இரவுப் பயணத்தில் மிச்சமானது ஓர் இரவின் அறை வாடகை. போனது ஏறத்தாழ இரண்டரைப் பகல்கள். வார இறுதிக்கு ஓடிப் போய் வருகிறவர் இந்த அலுப்பை வீட்டுக்கு வந்து தூங்கித் தீர்த்துவிடலாம். ஆறு வாரம் சுற்றுகிறவருக்கு வீடு கிடையாது, அலுப்பு அப்படியே சேர்ந்துகொண்டே போகும்.

ஆனால் இரவுப் பயணமே தப்பு என்று நான் சொல்லவில்லை. தப்பு தூரத்தில் இருந்தது. இரவில் ஓர் உடம்புக்கு எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். 300 கிலோமீட்டரை காலிச் சாலையில் ஓட்டும் பஸ் ஆறு மணி நேரத்தில் முடித்துவிடும். வண்டி வேகமாகப் போகப் போக நாம் நடுராத்திரியில் தெருவில் நிற்கும் வாய்ப்பு கூடும். அப்படிப் பார்த்தால் வியட்நாம் ரயிலின் மந்த நடை இரவுக்கு ஒரு வரம். அதே 300 கிலோமீட்டர் பகலுக்கும் தோதான தூரம். காலை எட்டுக்கு ஏறினால் மதியம் இரண்டரைக்கு அறை தயாராக இருக்கும்.

மீதித் திட்டத்தைத் திருத்தினோம். எட்டு மணி நேரத்துக்குக் குறைவான எந்தப் பயணமும் இரவில் இல்லை. இறங்கும் இடம் ஊருக்குள்ளா, வெளியிலா என்று கேட்காமல் டிக்கெட் இல்லை. ஐந்து இரவுப் பயணங்களில் இரண்டு முடிந்துவிட்டன, மிச்சம் மூன்றில் ஒன்று மட்டும் தேறியது.

ரயில் நாட்கள்

டா நாங்கிலிருந்து ஹுவேக்கு ரயிலில் 103 கிலோமீட்டர், அதற்கு மூன்று மணி நேரம் ஆகும் என்றால் சிரிப்பு வரும். பஸ் ஹாய் வான் சுரங்கப்பாதை வழியாகப் பாதி நேரத்தில் போய்விடுகிறது. 2005-இல் திறந்த சுரங்கம், 6 கிலோமீட்டருக்குச் சற்று மேல், உள்ளே பார்க்க ஒன்றுமில்லை. ரயிலோ மலையின் கடல் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு ஊர்கிறது. வடக்கே போகிறவர்கள் வலப்பக்க ஜன்னலைப் பிடிக்க வேண்டும். ஒரு வளைவில் நம் வண்டியின் எஞ்சினே நமக்கு முன்னால் பாறை ஓரத்தில் தெரியும், கீழே ஆளில்லாத கடற்கரை. இந்தத் துண்டுக்கென்றே 2024 மார்ச்சில் தனிச் சுற்றுலா ரயில் விட்டிருக்கிறார்கள். சாதாரண ரயிலிலேயே எல்லாம் தெரிகிறது.

ஹுவேயிலிருந்து டாங் ஹோய், 166 கிலோமீட்டர், பகல். டாங் ஹோயிலிருந்து நின் பின், 407 கிலோமீட்டர், இரவு. இதுதான் நாங்கள் மிச்சம் வைத்த ஒரே இரவுப் பயணம். வடக்கே போகும் வண்டிகளுக்கு இரட்டைப்படை எண், தெற்கே போவதற்கு ஒற்றைப்படை. இது தெரிந்தால் அட்டவணையில் பாதிக் குழப்பம் தீரும். படுக்கையில் இரண்டு வகை. நாலு பேர் அறை கொஞ்சம் மெத்தை, ஆறு பேர் அறை மூன்றடுக்கு. ஆறு பேர் அறையில் மேலடுக்கு மலிவு, ஆனால் அங்கே எழுந்து உட்காரக்கூட இடமில்லை. ஆறடியைக் கருதி நாலு பேர் அறையில் கீழ்ப்படுக்கை இரண்டை வாங்கினோம். ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஏறினோம், விடிகிற நேரத்தில் பெட்டிப் பணியாளர் தட்டி எழுப்பினார். நின் பின் நிலையத்துக்கு எதிரிலேயே சாப்பாட்டுக் கடை திறந்திருந்தது. எட்டரைக்கெல்லாம் சைக்கிளில் வயலுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தோம். டிக்கெட் விலையை மட்டும் பார்த்தால் எங்கள் பட்டியலிலேயே அதிகம் இதுதான்.

ரயிலுக்கு ஒரு குறையும் சொல்ல வேண்டும். கீழ்ப்படுக்கைகள் சீக்கிரம் விற்றுப்போகின்றன. டெட் புத்தாண்டு வாரங்களிலும் போர் முடிந்த நாளான ஏப்ரல் 30 விடுமுறையிலும் இடம் கிடைப்பதே பெரிய பாடு. மனம் போன போக்கில் இன்னும் இரண்டு நாள் தங்குகிறேன் என்கிற சுதந்திரத்தைப் பஸ்தான் தருகிறது, ரயில் தராது. நாங்கள் ஃபோங் ஞாவில் ஒரு நாள் கூடுதலாக இருக்க ஆசைப்பட்டும் டிக்கெட்டுக்காகக் கிளம்பினோம்.

கடைசியில் கூட்டிப் பார்த்தால் 12 பயணங்களில் ஏழு பஸ், ஐந்து ரயில். 1,726 கிலோமீட்டர் பாதையில் 1,010 கிலோமீட்டர் ரயிலிலேயே போயிருக்கிறோம். இன்னொரு முறை போனால் தியூ திரியிலிருந்து டா நாங் வரையுள்ள 305 கிலோமீட்டரையும் பகல் ரயிலில் போவேன். ஊர்ப் பெயரில் ஒரு சிக்கல் புதிதாக வந்திருக்கிறது. நாங்கள் திரும்பியபின், 2025 ஜூலை 1 அன்று, 63 மாகாணங்களை 34 ஆகச் சுருக்கிவிட்டார்கள். ஹோய் ஆன் இப்போது டா நாங்கைச் சேர்ந்தது, ஹா ஜியாங் துயென் குவாங் மாகாணத்துக்குள் போய்விட்டது. மாகாணப் பெயரை வைத்துத் தேடினால் குழப்பம்தான், ஊர்ப் பெயரை வைத்துத் தேடுவது நல்லது.

பின் சீட்டு

ஹனோயிலிருந்து ஹா ஜியாங்குக்கு பஸ்ஸில் 300 கிலோமீட்டர். இரவு வண்டியை எடுக்கச் சொல்லி மூன்று பேர் அறிவுரை சொன்னார்கள், நாங்கள் காலை வண்டியில் போனோம். அங்கே சுமார் 350 கிலோமீட்டர் மலைச்சுற்று, டாங் வான் சுண்ணாம்புப் பீடபூமி வழியாக. 1959 முதல் 1965 வரை மலைவாழ் மக்கள் கையாலேயே வெட்டிப் போட்ட சாலை அதில் ஒரு பகுதி. மா பி லெங் கணவாயில் சாலை பாறை விளிம்பில் ஒட்டிக்கொண்டு போகிறது, அடியில் நூல் மாதிரி ஞோ குவே ஆறு. பைக்குக்கு ஏற்ற துண்டு என்று நாங்கள் ஒதுக்கி வைத்திருந்தது இதைத்தான். உள்ளூர் ஓட்டுநர்கள் ஓட்ட, பின் சீட்டில் நாலு நாள் போனோம். தானே ஓட்டுவதைவிட இதற்குச் செலவு அதிகம். தினமும் பைக் ஓட்டுகிறவனுக்குப் பின்னால் உட்காருவது முதல் ஒரு மணி நேரம் கௌரவக் குறைவாக இருக்கும், அப்புறம் மூடுபனியில் எதிரே லாரி வரும்போது அந்த எண்ணம் போய்விடும். முன்னால் ஓட்டுகிறவருக்குச் சாலைதான் தெரியும், மலை பின்னால் இருப்பவருக்குத்தான்.

தோழன் இதை ஏற்கவில்லை. நாங்கள் பத்திரமாகப் போய் வந்தோம், ஆனால் பாதிதான் போய் வந்தோம் என்பது அவன் கட்சி. ரயில் நிலையம் இல்லாத, பஸ் நிற்காத ஊர்களெல்லாம் எங்களுக்கு ஜன்னலில் கடந்து போன ஊர்கள் என்கிறான். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. 1968 உடன்பாட்டு அனுமதி தருகிற நாட்டில் உரிமம் வாங்கியவராக இருந்தால், மலைச் சாலையில் பழகியவராகவும் இருந்தால், நான்கூட வேறு மாதிரி எழுதியிருக்கலாம்.

நோட்டின் கடைசி வரி இது. ஹா ஜியாங்–ஹனோய், பகல் பஸ், கதவுக்குக் கதவு எட்டேகால் மணி நேரம். மறுநாள்: ஆறு மணிக்கே முழிப்பு வந்தது, ஹோவான் கியெம் ஏரியை இரண்டு சுற்றுச் சுற்றினோம், அவன் இன்னொரு சுற்று போனான்.